ஊசிக்கு மயங்கி விழுகிறவர்கள் என்ன செய்யலாம்?

அன்புவழிபுரத்தாள் | திங்கள், இரவு 9.12

வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வகுப்பில் என் குரல் உயர்ந்தால் ஒரு பிள்ளையும் அசையாது. அப்படிப்பட்ட எனக்கு ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறினாலே நெஞ்சு படபடக்கும். கையில் றப்பர் பட்டி கட்டியதும் காது அடைக்கும், கண் முன்னால் மஞ்சளாகும், வியர்த்துக் கொட்டும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை மற்றவர்கள்தான் எனக்குச் சொல்வார்கள். கடைசியாக ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கதிரையோடு சரிந்தேன். இரத்தம் எடுக்க வந்த பையன் என்னைவிடப் பயந்துபோனானாம்.

இப்போது பிள்ளை உண்டாகியிருக்கிறேன். மிட்வைஃப் மிஸ் வந்து பதிந்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை கிளினிக். இரத்தப் பிரிவு, ஹீமோகுளோபின், சீனி என்று பல சோதனைகளுக்கு இரத்தம் எடுப்பார்களாம். முதல் பிள்ளை என்பதால் பிறகு ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியும் இருக்கிறது. கேட்ட நாளிலிருந்து நித்திரை இல்லை.

"பிள்ளை பெறப் போகிறவள் ஊசிக்குப் பயப்படலாமா?" என்று மாமி கேட்கிறார். பயப்படலாமா, கூடாதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். போய், இரத்தம் கொடுத்து, என் காலால் நடந்து வீட்டுக்கு வர ஒரு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


துறைமுகக் காற்று | திங்கள், இரவு 9.31

கோணேசரை நினைத்துக்கொண்டு மறுபக்கம் பாருங்கள். மூச்சை ஆழமாக இழுத்து விட்டு உடம்பைத் தளர்த்துங்கள். ஒரு செக்கன் வேலை. இந்த ஊரில் யுத்த காலத்தில் விறைப்பு ஊசி இல்லாமல் தையல் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் இப்படி எழுதிக்கொண்டிருக்கவில்லை. எல்லாம் மனம்தான்.


ஓய்வுபெற்ற தாதி | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, மேலே தம்பி சொன்னதில் பாதியை மட்டும் கேளுங்கள். மறுபக்கம் பார்ப்பது நல்லது. உடம்பைத் தளர்த்துவது உங்களுக்கு ஆகாது.

வார்டிலும் வெளிநோயாளர் பிரிவிலும் நெடுங்காலம் ஊசி போட்டவள் நான். பயந்து வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் கத்துவார்கள், கையை இழுப்பார்கள், கதவுப் பக்கம் பார்ப்பார்கள். அவர்கள் விழுவது அரிது. மற்ற வகையினர் வாயே திறக்காமல் வந்து இருப்பார்கள், முகம் வெளிறும், சத்தமில்லாமல் சரிவார்கள். எங்களுக்கு நெஞ்சு திக்கென்பது இவர்களிடம்தான், ஏனென்றால் கதிரையின் விளிம்பில் தலை அடிபட்டால் அது ஊசியைவிடப் பெரிய விடயம். நீங்கள் இரண்டாவது வகை.

நம்பர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "மிஸ், இரத்தம் எடுத்தால் எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கொண்டு தரலாமா?" முறைத்துப் பார்க்கும் தாதியும் இருப்பார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கர்ப்பிணியை நிலத்திலிருந்து தூக்குவதைவிடக் கட்டிலைக் காட்டுவது அவருக்கும் லேசான வேலை.

வெறும் வயிற்றில் வரச் சொன்னால் உணவுக்குத்தான் தடை. தண்ணீர் குடிக்கலாம். போகும் முன் அரை லீற்றர் அளவு குடியுங்கள். திருகோணமலை வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, வரிசையில் நின்று, நா வறண்டு போய் இருக்கிற உடம்பு சீக்கிரம் மயங்கும். சாப்பாட்டைக் கையில் கொண்டு போங்கள், இரத்தம் எடுத்ததும் சாப்பிட வேண்டும்.

"எல்லாம் மனம்தான்" என்ற பேச்சுக்கு நாளை பதில் சொல்கிறேன். கண் சொருகுகிறது.


உளவளத்துணை | செவ்வாய், காலை 6.48

அக்காவுக்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன்.

பாம்புக்கோ உயரத்துக்கோ பயப்படும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். ஏறியபடியே நிற்கும். அந்த நிலையில் மயக்கம் வருவது மிகவும் குறைவு. இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றுக்குப் பயப்படுகிறவர்களில் பலருக்கு நடப்பது வேறு. முதலில் ஏறுகிறது, பிறகு இரண்டும் சட்டென்று விழுகின்றன. மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, ஆள் சரிகிறார். படுக்க வைத்ததும் தெளிவதற்கும் அதுவே காரணம். குடும்பத்தில் பரவலாகக் காணப்படும் தன்மை இது. உங்கள் அம்மாவின் பக்கத்திலோ அப்பாவின் பக்கத்திலோ விசாரித்துப் பாருங்கள், ஒருவராவது அகப்படுவார். நூறு பேரில் மூன்று நான்கு பேருக்காவது இந்தப் பயம் வாழ்க்கையைத் தடுக்கும் அளவுக்கு இருக்கிறது.

ஆகவே துறைமுகக் காற்று அவர்களே, விழப்போகும் அழுத்தத்தைத் தளர்வுப் பயிற்சி மேலும் இறக்கும். கத்தி ஓடுகிற வகையினருக்கு உங்கள் ஆலோசனை பொருந்தும். இவருக்கு அது எதிராகத்தான் வேலை செய்யும்.

சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் இந்த மயக்கத்துக்கென்றே 1980களில் ஒரு முறையை வகுத்தார். 1987 இல் அதைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார். முறை மிகவும் எளியது. கதிரையில் இருந்தபடி கை, தொடை, கெண்டைக்கால் தசைகளை இறுக்குங்கள். பத்து, பதினைந்து செக்கன் வரை, முகத்தில் சூடு ஏறுவதை உணரும்வரை பிடித்திருங்கள். பிறகு விடுங்கள், ஆனால் துவண்டு போகும் அளவுக்கு விட வேண்டாம். சாதாரண நிலைக்கு வந்தால் போதும். இருபது முப்பது செக்கன் கழித்து மறுபடி இறுக்குங்கள். இப்படி ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று. வீட்டில் தினமும் சில சுற்றுகள் பழகினால், காது அடைக்கத் தொடங்கும்போது உடம்பு தானாகவே அதைச் செய்யும். தசை இறுகும்போது இரத்த அழுத்தம் ஏறுகிறது. அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.


ஓய்வுபெற்ற தாதி | செவ்வாய், காலை 8.20

நல்ல விளக்கம். இரண்டு திருத்தம் மட்டும். கர்ப்பிணி என்பதால் வயிற்றை இறுக்க வேண்டாம், கையும் காலும் போதும். உங்கள் மிட்வைஃபிடமும் இதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடுத்தது, ஊசி ஏறும் கையை மட்டும் தளர விட வேண்டும். அதையும் சேர்த்து இறுக்கினால் வலி கூடும். மற்றக் கையில் ஒரு கைலேஞ்சியைச் சுருட்டிப் பிடித்து அதை நசுக்குங்கள்.


செடில்காவடி | செவ்வாய், பகல் 12.40

உளவளத்துணை ஐயாவிடம் எனக்கும் ஒரு விளக்கம் வேண்டும்.

அம்மனுக்கு நேர்த்தி வைத்து முதுகில் செடில் குத்திக் காவடி எடுக்கிறவன் நான். வாயில் அலகும் குத்தியிருக்கிறேன். கண் கலங்கியதில்லை, சொட்டு இரத்தம் வந்ததில்லை. ஆனால் கடைவாய்ப் பல் பிடுங்கப் போய், முரசில் விறைப்பு ஊசி போட வந்த வைத்தியரின் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பல் இன்னும் வாய்க்குள்தான் இருக்கிறது. நான் முதல் வகையா, இரண்டாவது வகையா?


துறைமுகக் காற்று | செவ்வாய், பகல் 12.52

அங்கே அம்மன் நிற்கிறாள். பல் வைத்தியரிடம் யார் நிற்கிறார்கள்?


செடில்காவடி | செவ்வாய், பகல் 1.03

பல் வைத்தியரும் அம்மன் படம் வைத்திருந்தார்.


உளவளத்துணை | செவ்வாய், மாலை 5.15

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. வலிதான் பயத்துக்குக் காரணம் என்றால் உங்களைப் போல ஒருவர் இருக்கவே முடியாது.

காவடிக்கு முன் நாட்கணக்கில் விரதம் இருக்கிறீர்கள். யார் குத்தப் போகிறார் என்பது தெரியும், அவருடைய கையில் நம்பிக்கை இருக்கிறது. மேளம், சனம், கற்பூர மணம் எல்லாம் சூழ நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்களாக விரும்பிப் போகிறீர்கள். பல் வைத்தியரின் கதிரையில் உங்களைச் சரித்துப் படுக்க வைக்கிறார்கள், வாய் திறந்தபடி இருக்கிறது, "நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூட முடியாது. பலருக்கு ஊசியைவிட அந்தக் கையறு நிலைதான் தாங்கவில்லை.

பிடுங்கும் முன் ஓர் அடையாளம் பேசிக்கொள்ளுங்கள்: இடக் கையைத் தூக்கினால் வைத்தியர் நிறுத்த வேண்டும். பல் வைத்தியர்களுக்கு இது புதிதல்ல, பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். முரசில் முதலில் தடவும் விறைப்புக் களிம்பும் இருக்கிறது, கேளுங்கள். நீங்கள் முதல் வகை.


சீனிக்காரர் | செவ்வாய், இரவு 7.44

ஊசியைப் பற்றி ஒரு கிழவன் சொல்வதையும் கேளுங்கள். எனக்கு நீரிழிவு. தினமும் இன்சுலின்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் கண்ணாடிச் சிரிஞ்சையும் ஊசியையும் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆளுக்காள் அதே ஊசியைத்தான் போட்டார்கள். முனை மழுங்கியிருக்கும். அதை நேரில் கண்டவர்கள் பயந்தது நியாயம். அந்தப் பயத்தை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஊசி மாறிவிட்டது, கதை மாறவில்லை.

ஊசியின் தடிப்பைக் குறிக்க ஓர் எண் உண்டு. எண் கூடக் கூட ஊசி மெல்லியது. இரத்தம் எடுக்கப் பெரும்பாலும் 21 ஆம், 22 ஆம் எண். 21 என்றால் ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர். கைத்தசையில் தடுப்பூசி போட 23 அல்லது 25. 25 என்றால் அரை மில்லிமீற்றர். நான் பாவிக்கும் இன்சுலின் பேனா ஊசி 32 ஆம் எண், கால் மில்லிமீற்றருக்கும் குறைவு. நீளம் 4 மில்லிமீற்றர். வயிற்றில் குத்தும்போது சில நாள் குத்தியதே தெரியாது.

எனக்கு இன்சுலின் வேண்டும் என்று வைத்தியர் சொன்னபோது குளிசையிலேயே சமாளிக்கலாம் என்று வாதாடினேன். அந்த நாட்களில் ஒரு செய்தியை வாசித்தேன். 1922 ஜனவரி 11 ஆம் திகதி கனடாவின் றொரன்ரோ நகரில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் அந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினி ஒன்றே மருந்து, நாளை எண்ணிக்கொண்டு கிடப்பார்கள். முதல் ஊசி சரிவரவில்லை, மருந்தில் அழுக்கு அதிகம். சுத்தப்படுத்தி ஜனவரி 23 இல் மறுபடி போட்டபோது பையன் தேறினான். அந்தப் பிள்ளையின் பெற்றோர் ஊசியை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தேன். பயம் போய்விட்டது என்று சொல்லவில்லை. வாதாடுவதை நிறுத்தினேன்.


கிண்ணியாப் பாலம் | புதன், காலை 9.10

தாதி மிஸ்ஸுக்கு ஸலாம். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எப்படி அடித்தது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். என் மகனும் அப்போது வார்டில் இருந்தான், சின்னப் பிள்ளை. குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை பார்க்க நாளுக்கு நாள் இரத்தம் எடுத்தார்கள். கையில் கனுலாவும் (நாளத்துக்குள் விடும் சிறு குழாய்) போட்டிருந்தது. அதிலிருந்து வெள்ளை உடுப்பைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிவான். இப்போது வளர்ந்துவிட்டான், இன்னும் மாறவில்லை.

வார்டு மட்டும் காரணமா என்பதில் எனக்குச் சந்தேகம். எங்கள் உம்மா அவனுக்குச் சோறு தீத்தும்போதெல்லாம் "சாப்பிடாவிட்டால் டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன்" என்பார். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இதே பாட்டுத்தான். ஊசியைத் தண்டனையாகக் காட்டி வளர்த்துவிட்டு, பிறகு "இது உனக்கு நல்லது, கையை நீட்டு" என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

கேள்வி: குத்தும் முன் "வலிக்காது" என்று சொல்வதா, உண்மையைச் சொல்வதா?


ஓய்வுபெற்ற தாதி | புதன், காலை 10.32

உண்மையைச் சொல்ல வேண்டும். "எறும்பு கடிக்கிற மாதிரித்தான்" என்று சொல்லிக் குத்திய பிறகு அந்தப் பிள்ளை அம்மாவையும் நம்பாது, எறும்பையும் நம்பாது. "கொஞ்சம் குத்தும், பத்து எண்ணுவதற்குள் குறைந்துவிடும், நான் உன் கையைப் பிடித்திருப்பேன்" என்றால் போதும். நடப்பதும் அதுதானே.

தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் இது இருக்கிறது. பொய்யான ஆறுதல் வேண்டாம் என்கிறார்கள். கைக்குழந்தை என்றால் ஊசியின்போதோ சற்று முன்போ தாய்ப்பால் கொடுக்கலாம். வளர்ந்த பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் அமுக்கக்கூடாது, நிமிர்ந்து இருக்க விட வேண்டும், சிறு பிள்ளையை மடியில் வைத்து அணைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். நாங்கள் படித்த காலத்தில், தசையில் குத்தியதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கப் பழக்கினார்கள். தடுப்பூசிக்கு அது தேவையில்லை, ஊசி தசைக்குள் நிற்கும் நேரமும் வலியும்தான் கூடும் என்று இப்போது சொல்கிறார்கள். இளைய தாதியர் இதை எங்களைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

ஆனால், கிண்ணியாத் தங்கச்சி, முதலில் உம்மாவிடம் பேசுங்கள். சோற்றுக் கோப்பையில் தொடங்கிய பயத்தைக் கிளினிக்கில் வைத்துத் தீர்க்க முடியாது.


தரம் ஆறு அம்மா | புதன், பிற்பகல் 2.18

என் மகளுக்குப் பாடசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி போட வருகிறார்களாம், சம்மதக் கடிதம் வந்திருக்கிறது. ஊசி வேண்டும், அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் அவளும் மயங்குகிற வகை என்று நினைக்கிறேன், என் அக்காவும் அப்படித்தான். நான் பக்கத்தில் நிற்க முடியாது. என்ன செய்ய?


உப்புவெளி வலை | புதன், மாலை 6.55

விடயத்துக்கு வெளியே ஒரு கேள்வி. நேற்றுக் காலை கரைவலை இழுக்கிற இடத்தில் ஒரு நாய் கெண்டைக்காலில் கவ்வியது. பெரிய காயம் இல்லை, பல் பதிந்த அடையாளம்தான். மஞ்சள் அரைத்துப் போட்டிருக்கிறோம். நாய்க்கடி ஊசி தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று அப்பு சொல்கிறார். நினைத்தாலே வயிறு இழுக்கிறது. நாய் துள்ளிக்கொண்டுதான் திரிகிறது. விட்டுவிடலாம்தானே?


கிண்ணியாப் பாலம் | புதன், மாலை 6.58

விட வேண்டாம்!


சீனிக்காரர் | புதன், மாலை 7.01

தம்பி, இதை வாசித்ததும் எழுந்து போ. மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.


ஓய்வுபெற்ற தாதி | புதன், மாலை 7.06

மற்ற எல்லாருக்கும் ஆறுதலாகப் பதில் எழுதினேன். உமக்கு அப்படி எழுத முடியாது. இப்போதே போக வேண்டும்.

விசர்நாய்க்கடி நோய் தலைகாட்டிய பிறகு வைத்தியம் இல்லை. அனேகமாக நூற்றுக்கு நூறு பேரும் இறக்கிறார்கள். நோய் வெளிப்படுவதற்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் எடுக்கும், சிலருக்கு ஒரு கிழமையிலும் வரலாம். அந்த இடைவெளிக்குள் ஊசி போட்டால் உயிர் தப்பும். நாய் துள்ளுகிறது என்பதை வைத்து நீரோ நானோ முடிவெடுக்க முடியாது, அது வைத்தியரின் வேலை. நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். அடையாளம் வைத்துக்கொள்ளும், அடுத்த நாட்களில் அது எப்படி இருக்கிறது என்று வைத்தியர் கேட்பார்.

மஞ்சளைக் கழுவும். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவும். நேற்றே செய்திருக்க வேண்டியது, இன்று செய்வதும் வீண் போகாது. கட்டுப் போட வேண்டாம்.

தொப்புளைச் சுற்றிப் போடுவது அப்புவின் காலம். 1885 இல் பிரான்சில் லூயி பாஸ்டர் நாய் கடித்த ஒரு பையனுக்கு முதன்முதலில் போட்டபோது அப்படித்தான் தொடங்கியது. எங்கள் நாடுகளில் பிறகு ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் நாள் தவறாமல் போட்டார்கள். அந்த மருந்து போய்விட்டது. இப்போது கையில் போடுகிறார்கள், இடைவெளி விட்டுச் சில தவணை. காயத்தின் தன்மையைப் பார்த்து, தேவையானால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். அது வலிக்கும், மறைக்கமாட்டேன். அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை.

கோயில் மலைப் பக்கம் குரங்கு கடித்தாலும் கீறினாலும் இதே கதைதான். வாசிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன்.


உப்புவெளி வலை | புதன், மாலை 7.15

இரவில் எடுப்பார்களா? பஸ்ஸும் இல்லை.


துறைமுகக் காற்று | புதன், மாலை 7.17

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரவு ஏது, பகல் ஏது. என்னிடம் ஓட்டோ இருக்கிறது. நிற்கிற இடத்தைத் தனிமடலில் போடும். காசு வேண்டாம்.


நெறியாளர் | புதன், இரவு 8.02

இந்த இழையிலிருந்து இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்று பயம் போக்கும் தாயத்து விற்பனை. மற்றது, கிளினிக்குக்குப் போகும் முன் நித்திரைக் குளிசை போடச் சொன்னது. கர்ப்பிணி ஒருவர் வாசிக்கும் இடத்தில் அப்படி எழுத வேண்டாம்.


துறைமுகக் காற்று | புதன், இரவு 11.20

தம்பிக்கு ஊசி போட்டாயிற்று. கையில்தான். அடுத்த தவணைகளுக்கு அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆள் நன்றாக இருக்கிறார்.


உப்புவெளி வலை | வியாழன், காலை 5.50

தோலுக்குள் மெல்லியதாகப் போட்டார்கள், சிறிய கொப்புளம் மாதிரி எழும்பியது, எரிந்தது, முடிந்தது. அண்ணாவுக்குப் பெரிய நன்றி. என்னை உள்ளே விட்டுவிட்டு வெளியே போனவர் ஊசி முடியும்வரை திரும்பி வரவே இல்லை.


துறைமுகக் காற்று | வியாழன், காலை 6.15

ஓட்டோவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?


செடில்காவடி | வியாழன், காலை 6.21

அண்ணா, நீங்கள் முதல் வகையா, இரண்டாவது வகையா?


உளவளத்துணை | வியாழன், காலை 8.30

அவரை விடுங்கள். இரவில் ஓட்டோ எடுத்துக்கொண்டு போனாரே, அதற்கு மேல் என்ன வேண்டும்.

பயம் இன்னும் முற்றியவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பல ஆண்டுகளாக இரத்தப் பரிசோதனையையே தவிர்த்து வருகிறவர்கள், வைத்தியர் சொன்ன சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் தசை இறுக்கும் பயிற்சியோடு மட்டும் நிற்க வேண்டாம். படிப்படியாகப் பயத்தை நெருங்க வைக்கும் சிகிச்சை இருக்கிறது. முதலில் சிரிஞ்சின் படம், பிறகு மூடியோடு சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பது, பிறகு ஒருவர் ஊசி போட்டுக்கொள்வதை அருகில் இருந்து பார்ப்பது என்று ஏறும். ஒவ்வொரு படியிலும் படபடப்பு அடங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும், பாதியில் ஓடினால் பயம் இன்னும் கொழுக்கும். பெரிய வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். "ஊசிக்காகவா மனநல வைத்தியரிடம்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.


அன்புவழிபுரத்தாள் | அடுத்த புதன், பிற்பகல் 3.40

இன்று கிளினிக்குக்குப் போனேன்.

பயிற்சியை வகுப்பறையில்கூடச் செய்தேன், பிள்ளைகள் கணக்குச் செய்யும்போது மேசைக்குக் கீழே. மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னேன், வயிற்றை விட்டுவிட்டுச் செய்தால் பரவாயில்லை என்றார். அம்மாவிடம் விசாரித்ததில் அம்மப்பா சேவல் அறுப்பதைப் பார்த்தே மயங்கி விழுந்தவராம். இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை.

போனதும் தாதியிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டிலைக் கண்ணால் காட்டினார். இன்னொரு அக்கா அதில் படுத்திருந்தார், அவர் எழும்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்புத்தான் கடினம். றப்பர் பட்டியைக் கட்டியதும் வழக்கம்போல் காது அடைத்தது. கைலேஞ்சியை நசுக்கினேன், தொடையை இறுக்கினேன். முகம் கொதித்தது. மறுபக்கச் சுவரில் தாய்ப்பாலைப் பற்றிய சுவரொட்டி இருந்தது, அதில் உள்ள எழுத்துகளைப் பின்னாலிருந்து எண்ணினேன். "முடிந்தது" என்றார். குழாயைப் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை.

பயம் அப்படியே இருக்கிறது. ஆனால் விழவில்லை. கொஞ்ச நேரம் படுத்திருந்து, மெல்ல எழும்பி, கொண்டு போன இடியப்பத்தைச் சாப்பிட்டேன். மாமி வாசலில் நின்று, "இவ்வளவுதானா?" என்றார். ஏற்புத் தடுப்பூசிக்கு அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக இருக்கிறேன்.


ஓய்வுபெற்ற தாதி | அடுத்த புதன், மாலை 4.25

கெட்டிக்காரி. ஏற்புத் தடுப்பூசிக்கு நேரம் இதைவிடக் குறைவு. அடுத்த நாள் கை கொஞ்சம் உளையும், பயப்பட வேண்டாம். வயிறு பெருத்த பிறகு மயக்கம் வருவது போல இருந்தால் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் சரிந்து படுங்கள்.

தரம் ஆறு அம்மா, நாய்க்கடிக் கலவரத்தில் உங்கள் கேள்வி அடிபட்டுப் போய்விட்டது. அந்தத் தடுப்பூசி 2017 இலிருந்து நம் நாட்டில் பாடசாலைகளில் போடப்படுகிறது, சுகாதாரக் குழுவினருக்கு நல்ல பழக்கம். ஊசியைவிட வரிசைதான் பிள்ளைகளை விழுத்தும். முன்னால் நிற்பவள் அழுவாள், பின்னால் நிற்பவள் வெளிறுவாள், ஒருத்தி சரிந்தால் நாலு பேர் சரிவார்கள். ஆகவே வகுப்பாசிரியருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்: "இவளுக்கு மயக்கம் வரக்கூடும், முதலில் கூப்பிடுங்கள், படுக்க வைத்துப் போடுங்கள்." போட்ட பிறகு 15 நிமிடம் இருத்தியோ படுக்க வைத்தோ வைத்திருக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகள் ஊசி முடிந்து, சிரித்துக்கொண்டு எழும்பி நடக்கும்போதுதான் விழுவார்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டுப் போகட்டும். அந்தத் தசை இறுக்கும் பயிற்சியை இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள், விளையாட்டாகச் செய்வாள்.


தரம் ஆறு அம்மா | அடுத்த புதன், மாலை 5.02

நன்றி மிஸ். துண்டு எழுதிவிட்டேன். காலையில் அவள் எதையும் சாப்பிடாமல்தான் பஸ் ஏறுவாள், அன்றைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டாவது தவணையும் உண்டாமே, அதற்கும் இதே முறைதானா?


ஓய்வுபெற்ற தாதி | அடுத்த புதன், மாலை 5.09

அதே முறைதான். முதல் தவணை எப்படிப் போனது என்று அதே துண்டில் எழுதி வையுங்கள், இரண்டாவது தவணைக்கு வேறு தாதி வந்தாலும் வாசித்துக்கொள்வார். சாப்பிடாவிட்டால் ஒரு வாழைப்பழமும் தண்ணீர்ப் போத்தலும் பையில் வைத்துவிடுங்கள். "சாப்பிடாவிட்டால் ஊசி போடுவார்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.